நிலைக்கு அடியில் ஜப்பான் பவுன்

அந்தப் பக்கமா வராதீங்க தம்பி. மேல செங்கல் இன்னும் உதிர்ந்துக்கிட்டுதான் இருக்கு. இப்படி வேலி ஓரமாச் சுத்திக் கொல்லை வழியா வந்துடுங்க. நாங்களும் இப்ப அப்படித்தான் போறது வர்றது. மண்ணுக்குள்ள தங்கம் காட்டற மெஷின், பாத்துத் தூக்கிட்டு வாங்க, வழியெல்லாம் வழுக்கும். உக்காருங்க. மெஷினை அப்புறம் எடுக்கலாம், முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். என்ன தேடறோம்னு தெரியாமத் தேடினா உங்களுக்கும் வீண், எனக்கும் வீண். எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்குக் காலையில என் மச்சினன் வண்டி எடுத்துட்டு வர்றான். அவன் வந்துட்டா இந்த வீட்டுல ஒரு குச்சிகூட ஊன முடியாது.

உள்ள கட்டில்ல படுத்திருக்கிறது என் சம்சாரம், தையல்நாயகி. எழுந்து வர முடியாது, இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. நீங்க யாருன்னு கேட்டா கரண்ட் ஆபீஸ்லேர்ந்து எர்த் பாக்க வந்தேன்னு சொல்லிடுங்க. பொய் சொல்லச் சொல்றாரேன்னு நினைக்காதீங்க. அவளுக்கு வீணா எதுக்கு உளைச்சல். காது நல்லாக் கேக்கும், அதனால நான் மெதுவாத்தான் பேசறேன்.

நான் கூட்டுறவு பேங்க்ல நகை மதிப்பீட்டாளரா இருந்தேன். கலியமூர்த்தின்னு இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அடகுக்கு வர்ற நகையை வாங்கி, உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்து, தராசுல போட்டுச் சொன்னேன்னா மேனேஜர் மறுபேச்சுப் பேச மாட்டார். என் சர்வீஸ்ல ஒரு கவரிங் நகை பேங்குக்குள்ள போனதில்ல. என் கண்ணுக்குத் தங்கம் தப்பாது தம்பி. பெருமைக்குச் சொல்லலை. கேக்கப்போற கதைக்கு வேணும்னு சொல்றேன்.

அப்படி ஒரு நாள் முத்துப்பேட்டைப் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்துச்சு. புருஷன் மலேயாவுல இருந்து செத்துப்போனவராம். முந்தானை முடிச்சை அவுத்து ஒரு காசை மேஜை மேல வச்சுச்சு. பேங்க்ல காசை அடகு பிடிக்கிறதில்ல, நகை மட்டும்தான். இருந்தாலும் கையில எடுத்துப் பாத்தேன். ஒரு பக்கம் நடுவுல சூரியன், சுத்திலும் கதிர். திருப்பினா இலைமாலை, அதுக்கு மேல ஒரு சாமந்திப்பூ. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. அதுவரைக்கும் தங்கத்தை நான் எடையாத்தான் பாத்திருக்கேன். அன்னிக்குத்தான் அழகாப் பாத்தேன். அந்த அம்மாவை டீக்கடைகிட்ட நிக்கச் சொல்லி, அன்னைய தங்க விலை என்னவோ அதைக் குடுத்து நானே வாங்கிட்டேன். ஏமாத்தலை. பைசா குறைக்காமக் குடுத்தேன். அந்தக் காசுக்குத் தங்க விலைக்கு மேல ஒரு விலை உண்டுன்னு அதுக்குத் தெரியாது, நானும் சொல்லலை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

அதுக்கப்புறம் எனக்கு வேற நினைப்பு இல்ல. இருபது யென் காசுன்னு பேரு. எடை பதினாறரை கிராமுக்குக் கொஞ்சம் மேல. நம்ம கணக்குல ரெண்டு பவுனும் கொசுறும். மாத்து தொள்ளாயிரம், மிச்சம் செம்பு. நம்ம ஊரு நகை தொள்ளாயிரத்துப் பதினாறு இல்லையா, அதைவிட இது ஒரு பொட்டு சிவப்புத் தட்டும். அதுக்காக உரைகல்லுல உரசிப் பாத்துடாதீங்க. காசு சேர்க்கிறவன் உரசவும் மாட்டான், துடைக்கவும் மாட்டான். ஓரத்தைப் பிடிச்சுத்தான் தூக்குவான். ஒரு கீறல் விழுந்தா அது காசு இல்ல, வெறும் தங்கம்.

ஜப்பான்காரன் வருஷத்தை ராஜாவை வச்சுத்தான் எண்ணுவான். ராஜா செத்துட்டா திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பம். மெய்ஜின்னு ஒரு ராஜா, நாப்பத்தஞ்சாவது வருஷத்துல செத்துட்டார். அடுத்து தைஷோ. அதனால ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னண்டாம் வருஷத்துக்கு மட்டும் ரெண்டு காசு. ஒண்ணுல மெய்ஜி நாப்பத்தஞ்சுன்னு இருக்கும், இன்னொண்ணுல தைஷோ முதல் வருஷம்னு இருக்கும். ஒரே வருஷம், ரெண்டு ராஜா. இதெல்லாம் நானா உக்காந்து படிச்சுக்கிட்டேன். ஜப்பான் எழுத்துல நம்பர் வரைக்கும் படிப்பேன்.

ஆசாரிகிட்டச் சொல்லிப் பலாப்பலகையில ஒரு தட்டு செஞ்சேன். காசு அளவுக்கு வட்ட வட்டமாக் குழி, ஒரு வருஷத்துக்கு ஒரு குழி. ஒவ்வொரு குழியா நிரப்பினேன். எதை வச்சு நிரப்பினேன்னு கேப்பீங்க. தையலோட வளையல், சங்கிலி, ஜிமிக்கி, எங்கம்மா அவளுக்குப் போட்ட காப்பு. ஒவ்வொருத்தன் குடிச்சு அழிக்கிறான், சீட்டாடி அழிக்கிறான். நான் தங்கத்தைக் குடுத்துத் தங்கம் வாங்கினேன். வீட்டுல இருந்த தங்கம் வீட்டுலயேதான் இருந்துச்சு, உருவம்தான் மாறிச்சு. இதுல என்ன நஷ்டம்? இதை இன்னிக்கு வரைக்கும் என் மச்சினனுக்குப் புரியவைக்க முடியலை.

அவளும் ஒண்ணும் சொன்னதில்ல. கேட்டாக் கழட்டிக் குடுத்துடுவா. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. யாருக்குச் சேத்து வைக்கப்போறோம்னு ஒரு தடவை சொன்னா, அதோட சரி. தாலி ஒண்ணுக்குத்தான் கொஞ்சம் தயங்கினா. அது அம்மா குடுத்ததுங்க, அதை மட்டும் விட்டுடுங்கன்னா.

அது உண்மைதான். அந்தத் தாலியை அவங்க அம்மாதான் குடுத்துச்சு. எங்க வழக்கத்துல தாலி பண்றது மாப்பிள்ளை வீடு. ஆனா எங்களுக்குக் கல்யாணம் புயல் அடிச்ச வருஷம். எங்கப்பாவோட நெல்லு மொத்தமும் தண்ணியோட போச்சு, குந்துமணித் தங்கம் வாங்க வழி இல்ல. என் மாமியார் யாருக்கும் தெரியாம ஆசாரிகிட்டத் தங்கத்தைக் குடுத்துத் தாலி பண்ணி, நீங்க பண்ணினதாவே இருக்கட்டும் சம்பந்தின்னு எங்கப்பா கையில கொண்டாந்து வச்சுச்சு. நல்ல மனுஷி. அந்த அம்மாவுக்கு ஏது அவ்வளவு தங்கம்னு எங்கப்பாவும் கேக்கலை, நானும் கேக்கலை. வாங்கிக்கிற இடத்துல இருக்கிறவன் கேக்கலாமா?

அப்ப எனக்குத் தைஷோ மூணாம் வருஷத்துக் காசு ஒண்ணு விலைக்கு வந்திருந்துச்சு. மெட்ராஸ் வியாபாரி வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு போன் மேல போன். வாங்கினப்புறம் உனக்குப் புதுசாப் பண்ணிப் போடறேன்னு சொன்னேன். அவ சாமி மாடத்துக்கு முன்னால போய் நின்னு, மஞ்சக் கிழங்கை ஒரு கயித்துல கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டுத் தாலியைக் கழட்டிக் குடுத்தா. மஞ்சக் கயிறும் தாலிதானே தம்பி. நான் வழக்கம்போலத் தராசுல போட்டேன். தாலி, குண்டு, மணி எல்லாம் சேத்துப் பதினாறு கிராம். உரசிப் பாத்தேன். மாத்து தொள்ளாயிரம், லேசாச் சிவப்புத் தட்டுது. உங்கம்மா மட்டத் தங்கத்தைத்தான்டி குடுத்து ஒப்பேத்தியிருக்கான்னு சிரிச்சேன். அவ சிரிக்கலை. தராசுத் தட்டையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

டீ ஆறுது, குடிங்க.

எல்லாக் குழியும் நிரம்பிச்சு. ஒண்ணே ஒண்ணு பாக்கி. எதுன்னு நினைக்கிறீங்க? அந்த ரெட்டை வருஷத்துல ரெண்டாவது காசு, தைஷோ முதல் வருஷம். மெய்ஜி நாப்பத்தஞ்சு என்கிட்ட இருக்கு. பக்கத்துக் குழி காலி. சோறு திங்கறப்ப அந்தக் குழிதான் ஞாபகம். படுத்தா அந்தக் குழிதான். பல்லு விழுந்த இடத்தை நாக்கு தொட்டுக்கிட்டே இருக்கும் பாருங்க, அப்படி. இதுல கொடுமை என்னன்னா, அந்தக் காசு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டு வாசல் நிலைக்கு அடியில இருக்கு.

என் மாமனார் வேதரத்தினம் சின்ன வயசுலயே மலேயாவுக்குக் கப்பலேறினவர். அங்க தைப்பிங்ங்கிற ஊருல ஒரு ஜப்பான்காரன் போட்டோக் கடையில எடுபிடி வேலை. சண்டை வந்தப்ப வெள்ளைக்காரன் அந்தப் போட்டோக்காரனைப் பிடிச்சுட்டுப் போனான். போறப்ப அவன் இவர் கையில இந்தக் காசை வச்சு அழுத்தி, எங்க தைஷோ ராஜா பட்டத்துக்கு வந்த முதல் வருஷத்துக் காசு, பத்திரம்னு சொல்லிட்டுப் போனானாம். அப்புறம் ஜப்பான் பட்டாளமே வந்து இவரைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துட்டுப் போச்சு. கால் புண்ணுக்குக் கட்டின துணிக்குள்ள காசை வச்சுக்கிட்டே அங்க மண்ணு சுமந்திருக்கார். கூடப் போனவன்ல பாதிப் பேரு வரலை, இவர் வந்துட்டார். அந்தக் காசுதான் உசிரைக் காப்பாத்துச்சுன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார்.

இந்த வீட்டைக் கட்டறப்ப, இனிமே இந்த வீட்டையும் அது காப்பாத்தட்டும்னு நிலைக்கு அடியில போடச் சொல்லிட்டார். நிலை வைக்கிறப்ப அடிக்குழியில பொன்னும் நவமணியும் நவதானியமும் போடறது வழக்கம்தானே. சுமங்கலி கையாலதான் போடணும். என் மாமியார் மஞ்சத்துணியில முடிஞ்சு போட்டுச்சு, ஊரே நின்னு பாத்துச்சு. ஜப்பான் பவுன் வீடுன்னுதான் இந்த வீட்டுக்குப் பேரு. அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியிலதான் புயல். அடுத்த தையில எங்களுக்குக் கல்யாணம். பின்னால மச்சினன் சிங்காரவேலு நாகப்பட்டினத்துல வேலை கிடைச்சுப் போய், வீட்டை அக்கா பேருக்கே எழுதிக் குடுத்துட்டான்.

இப்பச் சொல்லுங்க. உலகம் பூரா நான் தேடற காசு நான் மிதிச்சுப் போற படிக்கு அடியில கிடக்குது. எப்படி இருக்கும் எனக்கு?

நான் அவகிட்டப் பல தடவை கேட்டேன். நிலையைத் தொட்டாக் குடும்பம் விளங்காதும்பா. நமக்கென்ன பெரிய குடும்பம்னு கேட்டா முறத்தைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்குப் போயிடுவா. வெள்ளிக்கிழமை தவறாம நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பா. அப்படியே ஒரு நிமிஷம் கையை வச்சுக்கிட்டு நிப்பா. அப்பா கும்பிட்ட இடம்னு சொல்லுவா. எனக்கு எரிச்சலா வரும்.

போன ஐப்பசியில மச்சினன் பேத்திக்குக் காது குத்தல். தையல் முதல் பஸ்ஸுக்கே நாகப்பட்டினம் போயிட்டா. நான் மூட்டு வலின்னு சொல்லி நின்னுட்டேன். அவ போனதும் பக்கிரிசாமி கொத்தனாரை வரச்சொன்னேன். நிலையில கரையான், அடியைப் பேத்துப் பாக்கணும்னேன். அவன் சுவரைத் தட்டிப் பாத்துட்டு, சுண்ணாம்புச் சுவர் ஐயா, மழையில ஊறிக் கிடக்கு, தை மாசம் பாத்துக்கலாமேன்னான். கூலிக்குத்தான் இழுக்கிறான்னு நினைச்சு, கூடவே தர்றேன் வெட்டுன்னேன். சவுக்குக் கட்டையை முட்டுக் குடுத்து வெட்ட ஆரம்பிச்சான்.

ரெண்டு பக்கமும் பள்ளம் பறிச்சு, கீழ்ச்சட்டத்தோட பாதி அந்தரத்துல நிக்குது. அந்த நேரம் பாத்துத் தையல் வந்து நிக்கிறா. பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டுச் சொல்லியிருக்கா. பட்டுப் புடவையோட பஸ்ஸேறி வந்திருக்கா, குழந்தைக்குக் காது குத்தறதைக்கூடப் பாக்கலை. நேரா வந்து நிலைக்கு நடுவுல நின்னுக்கிட்டா. ஒரு கையால சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டா.

"தோண்டாதீங்க. அங்க ஒண்ணும் இல்ல"ன்னா.

"ஒண்ணும் இல்லேன்னா நீ ஏன்டி ஓடியாந்தே"ன்னு கேட்டேன்.

"நான் சொல்றேன், உள்ள வாங்க. உக்காந்து சொல்றேன்"ன்னா. மூச்சு வாங்குது அவளுக்கு.

பக்கிரிசாமி கடப்பாறையைக் கீழ போட்டுட்டான். அம்மா நிக்கிறாங்க, நான் மாட்டேன்னுட்டான். எனக்குக் கோவம் வந்துச்சு. இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்துட்டு, ஒரு சாண் மண்ணுல வந்து நிக்குது காரியம். நானே கடப்பாறையை எடுத்து ஒரு குத்து குத்தினேன். ஒரே ஒரு குத்துதான் தம்பி. தள்ளி நில்லுன்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தான் குத்தினேன். சொல்லலைன்னு பக்கிரிசாமி சொல்லுவான், நம்பாதீங்க.

முட்டுக் கட்டை நழுவிச்சு. மேல்சட்டம், அதுக்கு மேல இருந்த செங்கல், எல்லாம் சேந்து அவ முதுகு மேல வந்துச்சு.

பக்கிரிசாமியும் தெருவுல போனவங்களும்தான் அவளை வெளிய இழுத்தாங்க. நானா? நான் குழிகிட்ட நின்னேன். தெருவே உள்ள வந்துடுச்சு, யாரு என்னன்னு தெரியலை. எவனாவது கையை விட்டு எடுத்துட்டா என்ன பண்றது? வீட்டுக்காரன் ஒருத்தன் நிக்கத்தானே வேணும். அதைப் போய் ஊரு பூரா ஒரு குத்தமாச் சொல்லுது.

தஞ்சாவூர்ல டாக்டர், முதுகெலும்புல அடி, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணினா நடக்க வாய்ப்பு இருக்குன்னார். வாய்ப்புதான், உறுதின்னு சொல்லலை. நான் சும்மா இருக்கலை தம்பி. அன்னைக்கே தட்டைத் துணியில சுத்தி எடுத்துட்டு மெட்ராஸ் போனேன். வியாபாரி எல்லாத்தையும் பாத்துட்டு அந்தக் காலிக் குழியில விரலை வச்சான். முதல் வருஷம் இல்லாம இது செட்டு இல்ல, உதிரிதான்னான். உதிரின்னாப் பாதி விலை. கண்ணு முன்னால பாதியைத் தூக்கிக் கடல்ல போட முடியுமா? அந்த ஒரு காசு கிடைச்சுட்டா ஆபரேஷனும் ஆச்சு, மிச்சமும் இருக்கும்னு கணக்குப் போட்டுத் திரும்பி வந்துட்டேன். வந்து இடிபாடு பூரா சல்லடை போட்டுச் சலிச்சேன். அதுக்குள்ள சிங்காரவேலு எங்கயோ கடனை வாங்கிக் கட்டிட்டான். ஆனா அப்ப டாக்டர், நாள் கடந்துடுச்சு, இனிமே பண்ணிப் பிரயோஜனம் இல்லைன்னுட்டார். அவன் ஆஸ்பத்திரி வராந்தாவுல எல்லார் முன்னாலயும் என்னைப் பாத்து, நீங்க மனுஷனே இல்ல அத்தான்னான். அக்கா பாசத்துல பேசறான்.

சலிச்சதுல என்ன கிடைச்சுதுன்னு கேக்கலையே. மக்கின மஞ்சத்துணி கிடைச்சுச்சு. நாலு பவழம், ஒரு பச்சைக்கல்லு. அதோட ஒரு செப்புக் காசு. மலேயாவுல பழைய காலத்துல சதுரமா ஒரு சென்ட் காசு இருந்துச்சே, அது. தங்கம் இல்ல.

பக்கிரிசாமி மாத்திட்டான்னுதான் யாரும் நினைப்பாங்க. நானும் நினைச்சேன். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன். கூட்டிட்டுப் போய் விசாரிச்சாங்க. திரும்பி வந்தப்ப அவனால கரண்டி பிடிக்க முடியலை. நேரா இங்க வந்து, வாசல் மண்ணுல உக்காந்து, அம்மா நீங்களாவது சொல்லுங்கம்மான்னு உள்ள பாத்து அழுதான். அப்புறம் குடும்பத்தோட திருப்பூர் பக்கம் போயிட்டான்னு கேள்வி. அவன்கிட்ட மலேயா சென்ட் ஏதுன்னு கேப்பீங்க. இந்தத் தெருவுல எவன் வீட்டுல இல்ல அது?

அவன் வந்து அழுதுட்டுப் போன அன்னைக்குத்தான் தையல் என்னைக் கூப்பிட்டா. பக்கத்துல உக்காரச் சொன்னா. அவ சொன்னதை அப்படியே சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

"அந்தக் காசு நிலைக்கு அடியில போகவே இல்லீங்க. மண்ணுக்குள்ள கிடக்கிற தங்கம் என் பொண்ணு கழுத்துல கிடக்கட்டும்னு அம்மா அதை எடுத்து வச்சுக்கிட்டு, செப்புக் காசை முடிஞ்சு போட்டுடுச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா உசிரை விட்டுடுவார்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிச்சு. அதை உருக்கித்தான் எனக்குத் தாலி. நீங்க வித்தீங்களே, அந்தத் தாலி"ன்னா.

ஏன்டி இதை முன்னாலயே சொல்லலைன்னு கேட்டேன். தாலியைக் கழட்டறப்பச் சொல்லியிருக்கலாமே. சொன்னா எங்கம்மாவைத் திருடிம்பீங்க, அப்பவும் உங்களுக்குக் காசு போச்சேன்னுதான் இருக்கும், அதான் சொல்லலைன்னா.

நம்புற மாதிரியா இருக்கு? நான் மதிப்பீட்டாளன் தம்பி, எனக்குக் கணக்கு வேணும். காசு பதினாறரைக்கு மேல. தாலி பதினாறு. அரை கிராமுக்கு மேல உதைக்குது. அது எங்க போச்சு?

என்ன சொன்னீங்க?

சேதாரமா? ஆசாரி உருக்கறப்பச் சேதாரம் போயிருக்கும்ங்கிறீங்க.

போகும். போகும்தான். அந்தக் காலத்துல அவ்வளவு எடுப்பான்.

மாத்து தொள்ளாயிரம்னு நானே சொன்னேன், சிவப்புத் தட்டுச்சுன்னும் சொன்னேன். அதையும்தானே சொல்ல வர்றீங்க? உங்களுக்குத் தங்கத்தைப் பத்தி என்ன தெரியும்? செம்பு கலந்த தங்கம் நாட்டுல எவ்வளவோ இருக்கு. நீங்க சொல்றபடி வச்சாலும், அந்தக் காசை நானே என் கையால தராசுல போட்டு, உரைகல்லுல உரசி, மட்டத் தங்கம்னு சிரிச்சு வித்திருக்கேன்னு ஆகும். சும்மா இருந்த நிலையை இடிச்சு, அவ மேல தள்ளி... இல்ல. அப்படி இருக்காது. அப்படி இருந்தா நான் எப்படி இந்த வீட்டுல உக்காந்து சோறு திங்கறது? அது நடக்கலை தம்பி. காசு இங்கதான் இருக்கு.

கேளுங்க. ராத்திரி பகலா யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கேன். மாமனார் சாமர்த்தியக்காரர். சயாம்லயே ஒளிச்சுக் காப்பாத்தினவர் ஊரு முன்னால புதைப்பாரா? ஊருக்கு ஒரு செப்புக் காசைக் காட்டிட்டு, நிஜக் காசை உள்ள இன்னொரு இடத்துல புதைச்சிருக்கார். எந்த இடம்? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்பக் கட்டிலைக் காமரா உள்ளுல, அதான் அந்த ஜன்னல் வச்ச ரூம்ல, போடச் சொன்னேன், காத்தோட்டமா இருக்கும்னு. இவ கேக்கலை. கூடத்துல, சரியா நடுவுல, அந்த இடத்துல போட்டாத்தான் ஆச்சுன்னா. ஏன்னு கேட்டா, அங்கேர்ந்து பாத்தாத் தெரு தெரியுதாம். வாசல் இருந்த ஓட்டை வழியா மனுஷங்க போறது வர்றது தெரியுதாம். இதை நான் நம்பணுமாம். அவ படுத்திருக்கிற இடத்துக்கு நேர் கீழதான் தம்பி இருக்கு. அவ அதை மறைச்சுக்கிட்டுப் படுத்திருக்கா.

நாளைக்குத் தம்பிக்காரன் வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிட்டு, வீட்டைப் பூட்டிடுவான். வாசலே இல்லாத வீட்டை எப்படிப் பூட்டுவான்னு கேக்காதீங்க, அவன் சுவரே எழுப்பிடுவான். அதுக்கு முன்னால பாத்துடணும். கிடைச்சுட்டா வித்து, அவளை நல்ல ஆஸ்பத்திரியில காட்டறேன். கேரளாவுல எண்ணெய் வைத்தியம் இருக்காம். எல்லாம் அவளுக்காகத்தான்.

இருங்க, கூப்பிடறா.

என்ன தையல்? தண்ணியா? இவரு கரண்ட் ஆபீஸ்.

"யாரா இருந்தா என்ன. தம்பி, இப்படி வாங்க. அவர் சொல்ற இடத்துல பாத்துட்டுப் போங்க. இங்கயும் இருக்காது. பாத்துட்டா இன்னிக்கு ஒரு நாளாவது தூங்குவார்."

கேட்டீங்களா? இங்கயும் இருக்காதுங்கிறா. அன்னிக்கு நிலையில நின்னுக்கிட்டும் இதையேதான் சொன்னா. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், அவளை எனக்குத் தெரியாதா? மெஷினை எடுங்க. அதுக்கு முன்னால கட்டிலை நகர்த்திடலாம். அவளை எறக்கவெல்லாம் வேண்டாம், அப்படியே தூக்கி வச்சுடலாம். நீங்க கால்மாட்டைப் பிடிங்க, நான் தலைமாட்டைப் பிடிக்கிறேன். என்ன பாக்கிறீங்க? பிடிங்க தம்பி. பயப்படாதீங்க, கனமே இல்ல.